பூட் ஆகாத பென்டிரைவ்



இலக்கியம் பேசும் இவ்விடத்தில் கணினிப் பழுதொன்றைப் பற்றி எழுதப் புகுவதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் தமிழ் முதுகலை பயின்று, கரிசல் நாட்டுச் சிறுநகர் ஒன்றின் கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கிறோம். அகவை நாற்பதைக் கடந்தாயிற்று. கணினி நமக்குத் தொழிலன்று. விடுமுறை நாள் விளையாட்டு. அண்மையில் மூன்று நாள் ஒரு பென்டிரைவோடு மல்லுக்கு நின்றோம். பழுது எதில் இருந்தது என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது.

(‘விரலி’ என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கப் ‘பென்டிரைவ்’ என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். வகுப்பில் நாமும் விரலி என்றே சொல்வோம். ஆனால் ஒருமுறை கடையில் “விரலி ஒன்று கொடுங்கள்” என்று கேட்க, கடைக்காரர் மிகுந்த பரிவோடு எதிரிலிருந்த மளிகைக் கடையைச் சுட்டிக் காட்டினார். விரலி மஞ்சள் அங்கேதான் கிடைக்குமாம். அன்றுமுதல் வகுப்புக்கு ஒரு சொல், கடைக்கு ஒரு சொல்.)

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம்மிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார். திரையில் நீல நிறம் தோன்றும். தானே சரிசெய்துகொள்வதாக ஓர் அறிவிப்பு வரும். புள்ளிகள் வட்டமாகச் சுழலும். பிறகு மீண்டும் முதலிலிருந்து நீல நிறம். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் அவருடைய தாயார் சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த பழைய மடிக்கணினி அது. ஆய்வேட்டை ஒப்படைக்க இருபத்தொரு நாள் இருந்தன. பழுது பார்க்கும் கடையில், “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போட வேண்டும்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

“இதற்கு எதற்கம்மா கடை? நாமே போட்டுவிடலாம்” என்றோம். வீட்டுக் கணினியில் ஒருமுறை லினக்ஸ் நிறுவி வெற்றி கண்டவர் அல்லவா நாம்! விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பதினொன்றோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. அப்பழைய பொறியில் அது கிடையாது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்று அப்பொழுதே தீர்மானித்துவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி கேட்டோம். “பிரதி எடுத்து வைத்திருக்கிறாயல்லவா?”

“இருக்கு ஐயா.”

தலை குனிந்திருந்தது. ஆசிரியர் முன் மாணவர் தலை குனிவது இயல்புதானே என்று விட்டுவிட்டோம்.

அன்றிரவே ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றைத் தரவிறக்கினோம். ஏறத்தாழ 3 ஜிபி. அதைச் சட்டென்று பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டு, மடிக்கணினியில் செருகி, எஃப்12 விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தோம். ‘தொடங்கத்தக்க கருவி எதுவும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவே.

‘பூட்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்தது அது. மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணினியின் நினைவகம் வெறுமையாயிருக்கும். இயங்குதளத்தை ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். இச்சிக்கலை அவிழ்ப்பதற்காகத் தாய்ப்பலகையின் சில்லொன்றில் ஒரு சிறு நிரலை நிலையாகப் பதித்திருக்கிறார்கள். பழைய பொறிகளில் அதன் பெயர் பயாஸ், பின்வந்தவற்றில் யூஇஎஃப்ஐ. பயாஸ் பென்டிரைவின் முதற் பகுதியாகிய 512 பைட்டுகளை மட்டும் எடுத்துப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் உரிய முத்திரை இருந்தால் அங்குள்ள நிரலுக்குப் பொறுப்பைக் கைமாற்றும். யூஇஎஃப்ஐயோ உரிய பகிர்வினுள் உரிய பெயருள்ள தொடக்கக் கோப்பைத் தேடும். நாம் உள்ளே போட்டு வைத்த ஐஎஸ்ஓ இவ்விருவர் கண்ணுக்கும் படாது. நெல் மூட்டையை அடுக்களையில் இறக்கிவிட்டு, இலை போட்டு உட்கார்ந்த கதைதான். கோப்பைப் போடுதல் வேறு. கோப்பினுள் இருக்கும் வட்டின் உருவத்தைப் பென்டிரைவில் எழுதுதல் வேறு.

சனிக்கிழமை காலை ரூஃபஸ் என்னும் சிறு மென்பொருளைக் கொண்டு முறையாக எழுதினோம். பகிர்வு முறை எம்பிஆரா ஜிபிடியா என்று அது கேட்டது. புதியது எதுவோ அதுவே நன்று என்று ஜிபிடியைத் தேர்ந்தெடுத்தோம். (நன்னூல் படித்தவர் செய்யக்கூடிய தேர்வன்று, பழையன கழிதலும் புதியன புகுதலும் வழு இல்லை என்று அங்கே பாடம் உண்டென்றாலும், கால வகையினானே என்னும் நிபந்தனையும் உண்டு.) மடிக்கணினி பென்டிரைவைக் கண்டுகொள்ளவேயில்லை. நண்பகல்வரை செருகித் துளைகளை மாற்றினோம், விசைகளை மாற்றினோம், பென்டிரைவை ஊதிப் பார்த்தோம். பயன் இல்லை.

மாலையில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உதவியாளராயிருக்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம். “சார், அது எந்த வருஷத்து மாடல்?” என்றார் எடுத்த எடுப்பில். கவிழ்த்துப் பார்த்தோம். 2010 என்று ஒட்டியிருந்தது. “அப்ப அதுக்கு யூஇஎஃப்ஐ தெரியாது சார். எம்பிஆர்ல எழுதுங்க.” நாம் ஜிபிடி முறையில் எழுதியது யூஇஎஃப்ஐ பொறிக்கு மட்டுமே விளங்கும். கிரந்தம் அறியாதவன் கையில் கிரந்த ஏட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னதற்கு ஒப்பு. குற்றம் ஏட்டிலும் இல்லை, வாசிப்பவனிடத்தும் இல்லை, ஆளறியாமல் கொடுத்த நம்மிடத்து.

எம்பிஆர் முறையில் எழுதியதும் மடிக்கணினி விழித்துக்கொண்டது. பச்சைச் சின்னம் தோன்றிய பொழுது வீட்டார் அனைவரையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவர்கள் வந்து சேர்வதற்குள் திரை கறுத்து, வெண்ணிற எழுத்தில் ஏதேதோ வரிகள் ஓடி, ஓரிடத்தில் உறைந்து நின்றது. அணைத்துத் தொடங்கினோம், மீண்டும் அவ்வாறே. திரும்ப எழுதினோம், சற்றுத் தள்ளி வேறிடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் நான்குமுறை எழுதிவிட்டோம். நான்குமுறையும் ஒன்றையே செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்த்தோம்.

பொறுக்க மாட்டாமல் தம்பியை மறுபடி அழைத்தோம். “சார், ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

நாம் பேசவில்லை. படிக்கவில்லை என்பதே உண்மை. ஆங்கிலமும் எண்களும் கலந்த அவ்வரிகளைப் பொறியின் புலம்பல் என்று கருதித் தள்ளியிருந்தோம். உரையாசிரியரைப் புரட்டுமுன் மூலத்தைப் படி என்று ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குகிறவர் நாம். வெட்கத்தோடு திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, வரி வரியாகப் படித்தோம். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கப்பட்ட கோப்பின் ஒரு பகுதியைப் படிக்க இயலவில்லை என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது, நான்குமுறையும்.

அப்படியானால் ஐயப்பட வேண்டியவை இரண்டு. தரவிறக்கிய கோப்பு சிதைந்திருக்க வேண்டும். இல்லையேல் பென்டிரைவ் கெட்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே சோதிக்கவேண்டும் என்றார் தம்பி. இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் கோப்பு. ஐஎஸ்ஓ வெளியிடுவோர் அதனோடு எஸ்ஹெச்ஏ-256 என்னும் சரிபார்ப்புக் குறியையும் வெளியிடுகிறார்கள். எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துக்களும் கலந்த 64 குறிகளின் வரிசை அது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரிசை முற்றிலும் வேறாகிவிடும். நம்மிடமுள்ள கோப்புக்கு அதைக் கணக்கிடும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. செர்ட்யுட்டில் என்று பெயர். நம் துணைவியார் இணையத்தில் உள்ளதை நான்கு நான்காக வாசிக்க, நாம் நம் திரையில் உள்ளதோடு ஒப்புநோக்கினோம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்பை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஒப்புநோக்குதல் என்பதன் அலுப்பை அன்றிரவு அறுபத்துநான்கு குறிகளில் ஒரு துளி உணர்ந்தோம். ஒன்றும் பிறழவில்லை. மூலம் செம்மையானது.

ஆக, ஏடு கெட்டது. ரூஃபஸில் பழுதான இடங்களைச் சோதிக்கும் வசதி ஒன்று உண்டு. எழுதியதைத் திரும்பப் படித்து ஒத்திருக்கிறதா என்று பார்க்கும். சற்று நேரத்தில் சிவப்பு வரிகள் வரத்தொடங்கின. எழுதியது ஒன்று, படிப்பது வேறொன்று. ஒரு கருத்தரங்கப் பையில் கிடைத்த பென்டிரைவ் அது. இலவசமாய் வந்ததைப் பழிப்பானேன்? பொய்யான கொள்ளளவை மேலே அச்சடித்து விற்பனையாவனவும் சந்தையில் உண்டு. 64 ஜிபி என்றிருக்கும், உள்ளே அதிற் பாதியும் இராது. நிரம்பியபின் எழுதுவதெல்லாம் ஓசையின்றி மறையும். நம்முடையது அவ்வகையும் அன்று. தேய்ந்து கெட்டது, அவ்வளவே. ஆனால் ஒன்று குறிக்கத்தக்கது. எழுதும்பொழுது அது ஒருமுறைகூட “என்னால் இயலாது” என்று சொல்லவில்லை. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, ‘முடிந்தது’ என்றே சொல்லிற்று.

திங்கட்கிழமை புதிய 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டு துறைக்குச் சென்றோம். மாணவியும் வந்திருந்தார், தம்பியும் உணவு இடைவேளையில் வந்து சேர்ந்தார். ஐஎஸ்ஓ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு நீள நீள நமக்கு உற்சாகம் மிகுந்தது. “இன்னும் அரைமணி நேரம். வட்டை அழித்துவிட்டு நிறுவு என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் புத்தம் புதிதாகிவிடும்” என்றோம்.

“உள்ள இருக்கிறது எல்லாமே போயிருமா ஐயா?”

“போகும். அதனாலென்ன, பிரதிதான் இருக்கிறதே.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதைத் தம்பிதான் முதலில் கண்டார்.

பிரதி இல்லை. எட்டு மாதத்துக்கு முற்பட்ட பிரதி ஒன்று மட்டும் அவருடைய அத்தை மகனிடத்தில் உண்டு. அதற்குப்பின் எழுதிய மூன்று இயல்களும் இம்மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. அதைவிடவும் பெரிது, ஒலிப்பதிவுகள். அவருடைய ஆய்வு கரிசற் சிற்றூர்களின் ஒப்பாரிகளைப் பற்றியது. ஊர் ஊராகச் சென்று முப்பத்தொரு பெண்களிடம் பதிவு செய்திருந்தார். கைப்பேசியில் இடம் போதாமல் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்தவற்றை அழித்துவிட்டார். பாடியவர்களுள் இருவர் இடைப்பட்ட காலத்தில் இறந்துபோனார்கள். இயல்களைத் திரும்ப எழுதிவிடலாம். அக்குரல்களை எங்கே போய்க் கேட்பது?

“ஏனம்மா அன்றைக்கே சொல்லவில்லை?” என்றோம். குரல் நம்மையறியாமல் உயர்ந்துவிட்டது.

“திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் ஐயா. கடையிலயே போயிரும்னு சொன்னாங்க. போனது போனதுதான்னு நெனச்சேன்.”

சென்ற ஆண்டு இதே அறையில், பிரதி எடுக்காமல் ஓர் இயலைத் தொலைத்துவிட்டு வந்த மாணவன் ஒருவனை நாம் பலர்முன் வைது அனுப்பினோம். பொறுப்பில்லாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டோம். இப்பெண் அன்று கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நாம் அதை மறந்துவிட்டோம், அவர் மறக்கவில்லை. “இருக்கிறதா?” என்று நாம் கேட்ட கேள்விக்கு அவ்வறையில் ஒரே ஒரு விடைக்குத்தான் இடம் வைத்திருந்தோம். அவர் அவ்விடையைத் தந்தார். நாம் ‘முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டோம்.

முதல்நாள் இரவே அப்பென்டிரைவ் ஒழுங்காகத் தொடங்கியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். ஐயமேயில்லை, வட்டை அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பெருமிதத்தோடு உறங்கியிருப்போம். கை சில்லிட்டது.

தம்பிதான் நிதானமாயிருந்தார். “சார், நிறுவவே வேண்டாம். பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்க்கலாம்” என்றார். லினக்ஸின் அருமை அது. வட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் இயங்கும். புதிய பென்டிரைவ் முதன்முயற்சியிலேயே தொடங்கிற்று. மடிக்கணினியின் வட்டை எழுத இடங்கொடாமல், படிப்பதற்கு மட்டுமாகத் திறந்தார். உள்ளேயிருந்து டக், டக் என்று ஓர் ஓசை. நோய்ப்பட்டது வட்டுதான், விண்டோஸ் தானே சரிசெய்ய முயன்று முயன்று அதை மேலும் வருத்திக்கொண்டிருந்தது. “ரொம்ப நேரம் தாங்காது. எது போனா திரும்பக் கிடைக்காதோ அதை முதல்ல சொல்லுங்க” என்றார்.

“குரல்கள்” என்றார் மாணவி.

வெளி வட்டு ஒன்றில் ஒலிப்பதிவுகளைப் படியெடுக்கத் தொடங்கினோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நடுநடுவே ஓரிடத்தில் திணறி நிற்கும், மூவரும் மூச்சையடக்கி நிற்போம், மெல்ல நகரும். முப்பத்தொன்றில் முப்பது முழுமையாக வந்தன. ஒன்றை எத்தனை முயன்றும் படிக்க முடியவில்லை. நல்லூழாக அவ்வம்மையார் உயிரோடிருக்கிறார்.

அடுத்து ஆய்வேடு. படியெடுத்து முடித்து லிப்ரே ஆபிஸில் திறந்தால், ஐயோ! தமிழே இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் பக்கமாய்க் குப்பை. மாணவியின் முகம் வெளிறிற்று. இம்முறை நாம் பதறவில்லை; படித்தோம். சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி ஏன் வருகிறது? பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் அன்றோ இருக்கிறது! எழுத்துகள் எங்கும் போகவில்லை. பாமினி எழுத்துரு இவ்வியங்குதளத்தில் இல்லை, அவ்வளவே. நோய்ப்பட்ட அதே வட்டின் விண்டோஸ் அடைவிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து வைத்ததும், திரை முழுதும் தமிழ் மலர்ந்தது. அந்நான்கு நாளில் நாம் தனியே கண்டுபிடித்தது அது ஒன்றே.

எல்லாம் முடிந்தபின், ஒலிப்பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒன்றை ஓடவிட்டார் மாணவி. ஒரு மூதாட்டி தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒலி. எங்கோ கோழி கொக்கரிக்கிறது. “பாடட்டுமா தாயி?” என்கிறார். பிறகு தொடங்குகிறார். இறந்துபோன இருவருள் ஒருவர் அவர் என்று மாணவி மெல்லச் சொன்னார். பிற்பகல் வகுப்புக்கு மணியடித்தது. நாம் எழவில்லை. கணவனுக்காக அழுத குரலைக் கேட்டுக்கொண்டு, அழுதவருக்காக நாம் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

மடிக்கணினியின் வட்டை மாற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். அதன்பின் லினக்ஸ் மின்ட் நிறுவ அரைமணி நேரங்கூட ஆகவில்லை. ஆய்வேடு குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைக்கப்பட்டது.

இனி, இவ்வழியில் இறங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள். இயங்குதளத்தைத் தொடுமுன் தரவுகளைக் காப்பாற்றுங்கள். பிரதி உண்டு என்று யாரேனும் சொன்னால் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓவின் சரிபார்ப்புக் குறியை ஒப்புநோக்குங்கள். பென்டிரைவைச் சோதியுங்கள். உங்கள் பொறி பயாஸா யூஇஎஃப்ஐயா என்று அறிந்து, பழையதற்கு எம்பிஆர், புதியதற்கு ஜிபிடி என்று எழுதுங்கள். புதிய பொறி மறுத்தால், பென்டிரைவின் தொடக்க நிரலைச் செக்யூர் பூட் ஏற்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் திரை சொல்வதைப் படியுங்கள்.

திரையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் தம்பி. குனிந்த தலையைப் படிக்க நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆய்வு மாணவர்கள் மடிக்கணினிகளோடு துறையில் கூடுகிறார்கள். இருக்கிறதா என்று யாரையும் கேட்பதில்லை. எல்லாருமாக உட்கார்ந்து படியெடுக்கிறோம். தேநீர் நம் செலவு. சென்ற ஆண்டு நம்மிடம் வசை வாங்கிய மாணவனையும் அழைத்தோம். முதல் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து கதவோரம் நின்றான். நகர்ந்து இடம் கொடுத்தோம்.